முழங்கால் வலி என்று ஒரு லேபிள்

டியூபின் நடுவயிறு அமுங்கியிருந்தது. ஸ்டோர்கீப்பர் விளக்கைப் போட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

முப்பது வருஷமாகத் தொழிற்சாலைக் கிடங்கைக் கட்டி ஆள்பவர் அவர். எந்த டியூபையும் வாலிலிருந்துதான் பிதுக்குவார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். ஆக, கை வைத்தது மனைவிதான்.

அது சாதாரண மருந்தா? மறைவான இடத்தில் நாலு மரு முளைத்து, நாலு வாரம் தயங்கி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் எழுதி வாங்கியது.

"வாரத்துல மூணு நாள், படுக்கப் போறப்ப, மரு மேல மட்டும் மெல்லிசா தடவுங்க. தடவறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் கையைக் கழுவணும். மேல பிளாஸ்திரி ஒட்டக்கூடாது. மருந்து மேல இருக்கும்போது தாம்பத்தியம் வேண்டாம். காலையில சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. ரொம்பப் புண்ணானா நிறுத்திட்டு வாங்க. வேற யாருக்கும் கொடுக்காதீங்க. அப்புறம், வீட்டம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

"எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு யாருக்கும் வந்ததே இல்ல டாக்டர்."

"வந்தவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. இந்தக் கிருமி வருஷக்கணக்கா சத்தமில்லாம உடம்புல கிடக்கும். யாரால, எப்போன்னு துப்பறிய வேண்டாம்."

எல்லா விதியையும் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தார், கடைசி ஒன்றைத் தவிர. மனைவியிடம் சொல்வதா? இத்தனை வருஷ மரியாதை என்னாவது?

அந்த வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூட லேபிளும் தேதியும் உண்டு. லேபிள் இல்லாத டியூப் சந்தேகத்தைக் கிளப்பும். மருந்தின் பேரை மறைத்து, 'முழங்கால் வலி' என்று அச்சடித்து ஒட்டினார். குடும்ப மானம் தப்பியது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது இது.

"உனக்கு முழங்கால் வலியா?" என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டார்.

மனைவியின் கரண்டி நின்றது. "ஆமாங்க. லேசா."

"எந்தக் கால்?"

"வலது. இல்ல, இடது."

"அந்த டியூபைப் போட்டியா?"

"முழங்கால் வலின்னுதானே எழுதியிருக்கு?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

உண்மையை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஸ்டோர்கீப்பர் அப்படியெல்லாம் வளைந்து கொடுப்பவரல்ல. நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

"முழங்காலுக்கு நல்லதா ஒண்ணு கொடுங்க. வாசனை இருக்கக்கூடாது."

"இதைப் போடுங்க சார். நெருப்பு மாதிரி வேலை செய்யும்."

அதே அளவு வெள்ளை டியூப். அதே லேபிள். பழைய இடத்தில் புதியதை வைத்துவிட்டு, தன்னுடையதைச் சவரப்பெட்டிக்குள் ஒளித்தார். இனி அவள் எவ்வளவு தடவினாலும் முழங்காலுக்கு நல்லதுதான்.

அன்று ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் குளியலறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. தொடர்ந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"என்னாச்சு? முழங்காலா?"

"முழங்கால்தான்! ஐயோ, முழங்கால்தாங்க!"

"கதவைத் திற, நான் கழுவி விடறேன்."

"உள்ள வந்தீங்க, தெரியும் சேதி!"

ஸ்டோர்கீப்பருக்கு வியர்த்தது. முதலில் போட்ட தன் மருந்து தோலைப் புண்ணாக்கியிருக்கும், அதன்மேல் இந்த நெருப்பு. பாவம், கால் வெந்தே போயிருக்கும்.

மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டரம்மாவின் வாசலில் நின்றார்கள். அந்த டாக்டர்தான் வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்தாள்.

"உட்காரேன்," என்றார், பெஞ்சில் உட்கார்ந்தபடி.

"நிக்கிறேன்."

"முழங்கால் வலிக்கு உட்கார்ந்தா இதமா இருக்கும்."

"நிக்கிறேன்னு சொல்றேனில்ல?"

அவரும் எழுந்து நின்றார். கௌரவம் ஒரு பக்கம், கட்டியவளின் கால் ஒரு பக்கம். முதல்முறையாகக் கௌரவம் தோற்றது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, கிடங்கில் கணக்கு ஒப்பிக்கும் குரலில் சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்கோ. நீ முதல்ல போட்டது முழங்கால் மருந்தே இல்ல. எனக்கு மறைவான இடத்துல மரு. அதுக்கு இந்த டாக்டர் கொடுத்த மருந்து. வெளியில தெரியக்கூடாதுன்னு நான்தான் லேபிள் ஒட்டினேன். உன் கால் கெடக்கூடாதுன்னு நேத்து அதை எடுத்துட்டு அசல் முழங்கால் மருந்தை வெச்சேன். திட்டறதுன்னா திட்டு. உன்னையும் டாக்டர் பார்க்கணுமாம்."

மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தார்.

"அடப்பாவி மனுஷா! இதே டாக்டர் எனக்கும் கொடுத்து, காணாமப்போன என் மரு டியூபைக் கண்டெடுத்து, என் மானத்தைக் காப்பாத்தத்தான் லேபிள் ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனே! அப்போ நேத்து நான் அங்க போட்டது நிஜமாவே முழங்கால் மருந்தா?"