முக்காலிக்கும் ஈரல் கெட்ட கதை

பள்ளிக்கூட வாசலில் இரண்டு வரிசைகள். இலவச மருத்துவ முகாம் வரிசையில் ஒரு தலைகூட இல்லை. கருணை டாக்டரின் வரிசையோ தெருமுனையில் திரும்பிக் கடைத்தெரு வரை நீண்டிருந்தது.

கருணை டாக்டர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், எல்லாம் சேவை என்றார். போதாதா? 'அருள் உப்பு' மட்டும்தான் விலைக்கு.

முகாமுக்கு ஒரு டாக்டரம்மாவோடு வந்திருந்த நர்ஸ், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மருந்துக்குக்கூட டாக்டர் இல்லாத இந்த ஊருக்குச் சொந்தச் செலவில் சேவை செய்ய வந்தவள். வந்ததிலிருந்து ஈ ஓட்டுவதுதான் சேவை.

எதிரே கருணை டாக்டரின் நீலப் பிளாஸ்டிக் தொட்டி. அதில் தண்ணீர், அருள் உப்பு, மின்சாரப் பெட்டியிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள். காலை வைத்தால் தண்ணீர் பழுப்பாகும். பழுப்பு என்றால் ஈரலின் விஷம். கறுப்புத் துகள் மிதந்தால் அடுத்த வீட்டுக்காரியின் கண்ணேறு. துகள் மிதக்காத ஆளே கிடையாது. அடுத்த வீடு இல்லாதவர் யார்?

அன்று ஒரு பஸ் டிரைவரை அவர் மனைவி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தாள். நர்ஸ் ஓடினாள். ஆளின் உதடு வெடித்திருந்தது. மூச்சில் அழுகிய பழ வாடை.

"அக்கா, இவருக்குச் சர்க்கரை இருக்கா?"

"இருந்துச்சும்மா. எல்லாம் தொட்டியில இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஊசியைத் தூக்கிப் போட்டுட்டோம்."

நர்ஸ் அவரை மறுபக்கம் தாங்கிப் பிடித்தாள். "உடனே உள்ள தூக்குங்க!"

"இன்னொரு தடவை கால் வெச்சுட்டு வந்துடறோமே."

"அவரை எங்க டாக்டரம்மா பார்க்கட்டும். அதுக்குள்ள நான் ஒண்ணு காட்டறேன். என் பேச்சு பொய்யா இருந்தா, நீங்களே வெளிய கூட்டிட்டு வந்துடுங்க."

மனைவி அரை மனதாகத் தலையாட்டினாள். டிரைவரை உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பும் போட்டு, கிடந்த மர முக்காலியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

கருணை டாக்டர் பதறினார். "உயிருள்ள காலுக்குத்தாம்மா இது வேலை செய்யும்!"

"அப்ப தண்ணி நிறம் மாறாதுல்ல? தைரியமா சுவிட்சைப் போடுங்க."

அவர் கை எழவில்லை. வரிசையில் நின்ற ஒரு காய்கறிக்காரி எட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

கூட்டம் தொட்டியைச் சூழ்ந்துகொண்டது. தண்ணீர் பழுப்பானது. கறுப்புத் துகளும் மிதந்தது.

"அடப்பாவி, முக்காலிக்கும் ஈரல் கெட்டுப்போச்சே!"

"அதும்மேல யாரு கண்ணு வெச்சா?"

சுவிட்சை அணைத்துவிட்டு நர்ஸ் கம்பிகளை உயர்த்திக் காட்டினாள். அரித்துப் போயிருந்தன. "உப்புத் தண்ணியில கரண்டு பாஞ்சா இரும்பு அரிக்கும். அந்தத் துருதான் இது. உங்க உடம்புலேர்ந்து ஒண்ணும் இறங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் இருந்த அறையை நோக்கி ஓடினாள். கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவிய கருணை டாக்டரை, வரிசையின் வால் பிடித்துக்கொண்டது. வால் அவ்வளவு நீளம்!

டிரைவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் முகாமில் நிற்க இடமில்லை. முதல் ஆளாக வந்த துணிக்கடைக்காரர் மாத்திரையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நர்ஸின் காலில் விழுந்தார்.

"தாயே! நீங்க எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிட்டு முழுங்கிடுவேன்!"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, எழுந்திருங்கண்ணே! கண்ணைத் திறந்துட்டு முழுங்குங்க. இது எதுக்குன்னு என்னையும் ஒரு கேள்வி கேளுங்க. கேள்வி கேட்டா எந்த நல்ல மருந்தும் கெட்டுப்போகாது!"