மாதாவ எறக்குன கதை

போன வாரம் எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. கல்மண்டபத்துல பெயிண்ட் அடிக்கக் குடுத்திருந்த மாதா சுரூபத்தை வாங்கிகினு திருவொத்தியூர் வரணும். சாயங்காலம் ஃபாதர் நாங்க குடி வந்திருக்குற புது வூட்ட ஜெபம் பண்ணி மந்திரிக்க வர்றாரு. அதுக்குள்ள வந்துடணும்.

அவ்ளோதான் வேலை. யாரு வேணா செய்யலாம். நான் செய்யப் போனேன்.

அந்த சுரூபம் எங்க மாமியாரோடது. கல்யாணமாகி வரும்போது கையோட கொண்டாந்தது. மாமியார் இப்ப இல்ல. மாமா தெனம் காலைல எழுந்ததும் அந்த மாதாகிட்டதான் மொதல்ல பேசுவாரு. எங்ககிட்ட பேசுறதெல்லாம் டீ குடிச்சப்புறம்தான்.

அதனால என் பொண்டாட்டி ஸ்டெல்லா கெளம்பும்போதே சொல்லிட்டா. "யோவ், அதுல ஒரு கீறல் வுழுந்தா கூட நைனா தாங்க மாட்டாரு. ஒழுங்கா ஆட்டோல எத்துகினு வா."

"ஆட்டோ குலுக்கும்"னாரு மாமா. "எத்தாம்பெரிய மெசினெல்லாம் கப்பல்லேர்ந்து எறக்கிகினு கீறேன். ஒரு மாதாவ எறக்க மாட்டனா? பைக்க எடு மாப்ள."

மாமாவுக்கு ஹார்பர்ல வேலை. கிரேனுக்குக் கீழ நின்னு, மேல கீற ஆப்பரேட்டருக்குக் குரல் குடுக்கணும். அவங்க பாஷைல 'ஆபீஸ்'னா தூக்கு. 'ஆரியா'ன்னா எறக்கு. ஏன்னு என்னைக் கேக்காதீங்க. வூட்ல அடுப்புலேர்ந்து சோத்துப் பானைய எறக்குறதுக்கே மாமா ஆரியாதான் சொல்வாரு. 'ஆபீஸ்' மட்டும் வூட்ல சொன்னதில்ல.

அப்புறம் என் பைக். மச்சான் துபாய் போறப்ப என் தலைல கட்டிட்டுப் போனது. அவன் ஆறடி. நான் இல்ல.

வூட்டு வாசப்படில கால வெச்சுதான் ஏறுவேன். எறங்குறதும் அதே படிலதான். நடுவுல சிக்னல் வந்தா, ஒரு பக்கமா சாஞ்சு, கால் கட்டைவிரல்ல மொத்த வண்டியையும் தாங்கிகினு, மூஞ்சிய மட்டும் சாதாரணமா வெச்சுகினு நிப்பேன்.

கல்மண்டபத்துல சுரூபம் புதுசாட்டம் ரெடியா இருந்துச்சு. ரெண்டடி உசரம். பெயிண்டர் கடைப் படில கால வெச்சு நானும் மாமாவும் வண்டில குந்திகினோம். பெயிண்டர் மாதாவத் தூக்கி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சாரு. மாமா ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுகினாரு.

அப்பதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு.

"மாமா, எறங்குறது எப்டி?"

"போய்ப் பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. நான் 'ஆரியா' சொல்ற வரைக்கும் நீ எறங்கக் கூடாது. சொன்னா ஒடனே எறங்கிடணும்."

"சரி மாமா."

வழி பூரா கண்டெய்னர் லாரி. பள்ளம் வந்தா மாமா பின்னாடி சத்தமா ஜெபம் சொல்லுவாரு. பள்ளம் முடிஞ்சா ஜெபம் நிக்கும். காசிமேடு தாண்டுறதுக்குள்ள ஒரு ஜெபமாலையே முடிஞ்சிருக்கும்.

ஒரு சிக்னல்ல லாரி டிரைவர் மேலேர்ந்து எட்டிப் பாத்தாரு. "இன்னா நைனா, நடுவுல கீறவங்களுக்கு ஹெல்மெட் இல்லியா?"

நான் மூஞ்சிய சாதாரணமா வெச்சுகினேன். கட்டைவிரல்ல நின்னுகினு இருந்தேன்.

வண்டி ஓட்டிகினே யோசிச்சேன். மாமா எறங்காம நான் எறங்க முடியாது. மாதா எறங்காம மாமா எறங்க முடியாது. மாதா தானா எறங்க மாட்டாங்க. ஆனா வூட்ல நம்ம படி கீது, ஆளுங்க கீறாங்கன்னு மனசத் தேத்திகினேன்.

தெருவுல திரும்புனேன். வாசல்ல டேபிள் போட்டு, வெள்ளத்துணி விரிச்சு, மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருந்தாங்க. தெருவே நின்னுச்சு. ஃபாதர் சீக்கிரமே வந்துட்டாரு.

என் படி மேலதான் நின்னாரு.

ஃபாதரைப் பாத்து 'கொஞ்சம் தள்ளுங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரெண்டு முழம் முன்னாடியே நிறுத்திட்டேன். மறுபடியும் கட்டைவிரல்தான். சைடு ஸ்டாண்டு தட்டக் கூட காலத் தூக்க முடியல.

மாமா வேலைல எறங்கிட்டாரு. "ஆபீஸ்! ஆபீஸ்!"

ஸ்டெல்லா முழிச்சா. "இன்னா நைனா, அவரு இன்னிக்கு ஆபீசுக்கு லீவு போட்டுகினு கீறாரு."

"தூக்குடின்றாரு!"னு நான் கத்துனேன். "எனக்குக் கால் போவுது!"

ஃபாதர் ஓடியாந்தாரு. அவரு ஒரு பக்கம், ஸ்டெல்லா ஒரு பக்கம் புடிச்சு, மாதாவ அப்டியே அலுங்காம தூக்கிட்டாங்க. தெருவே மூச்சப் புடிச்சுகினு நிக்குது. டேபிள்கிட்ட கொண்டு போயிட்டாங்க.

மாமா வண்டில குந்திகினே கண்ணெடுக்காம அதையே பாக்குறாரு. அவரு குரலே மாறிப் போச்சு.

"ஆரியா... மெதுவா... ஆரியா..."

அவங்க ரெண்டு பேரும் எறக்குனாங்க.

நானும் எறங்கிட்டேன்.

இன்னா பண்றது? 'சொன்னா ஒடனே எறங்கிடணும்'னு மாமாதான சொன்னாரு! எப்பவும் போல வலது கால பின்பக்கமா வீசுனேன். எப்பவும் அங்க காலியா இருக்கும். அன்னிக்கு மாமா இருந்தாரு.

கால் அவரு வயித்துல போய் நின்னுச்சு. வண்டிக்கு ஸ்டாண்டு போடல. தெரு பூரா பாக்குது. அவசரமே இல்லாம, மொத்தமா சாஞ்சோம். கீழ நான், என் கால் மேல வண்டி, என் மேல மாமா.

மாமாவுக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்ல. நான் மெத்து மெத்துனு இருப்பேன்.

படுத்துகினே தலையத் தூக்கிக் கேட்டாரு. "ஸ்டெல்லா... மாதா?"

"ஷோக்கா குந்திகினு கீறாங்க நைனா. ஒரு கீறல் இல்ல."

மாமாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சிலுவை போட்டுகினாரு. எனக்கும் அந்த வலியிலயும் நிம்மதியாதான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தெருவப் பாத்து மெதுவா, "ஆபீஸ்"னாரு.

மொதல்ல அவரத் தூக்குனாங்க. அப்புறம் வண்டியத் தூக்குனாங்க. அப்பால என்னைத் தேடுனாங்க.

ஃபாதர் தீர்த்தத்த எடுத்துகினு வந்தாரு. "வீட்ட அப்புறம் மந்திரிக்கலாம். மொதல்ல வண்டிய மந்திரிச்சிடுவோம்"னாரு. ரெண்டு சொட்டு என் மேலயும் வுழுந்துச்சு.

மறுநாள் காலைல கணுக்கால் வீங்கி, கட்டுப் போட்டுகினு படுத்திருந்தேன். மேனேஜர் போன் பண்ணாரு.

"இன்னாபா, இன்னிக்கும் ஆபீஸ் இல்லியா?"

"இல்ல சார். ஆரியா."