கோட்டை விட்டவன்

கடைசி நாள் கோட்டைக்குத்தான் போவது, இதில் பேச்சுக்கே இடமில்லை என்று ஓட்டல் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று உறுதி எடுத்துக்கொண்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான் எடுத்தேன். பக்கத்து அறையில் மனைவி இருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். கோட்டை, கொத்தளம், அகழி எல்லாவற்றையும் கரும்பலகையில் கட்டி, மணி அடித்ததும் டஸ்டரால் இடித்துத் தள்ளுகிறவன். நிஜக் கோட்டை ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள். நான் இருமினேன். அந்த இருமல் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த வெளிநாட்டுப் பயணத்துக்கே கிளம்பினேன்.

கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, பயணம் என்னுடையது இல்லை என்று. என் மனைவி தையல்காரி. தெருவில் எதிரே வருகிறவரின் தோளைப் பார்த்தே சட்டை அளவு சொல்கிறவள். இத்தனை தூரம் பறந்து வந்து அவள் பார்த்ததெல்லாம் துணிக்கடை, பித்தான் கடை, நூல் கடை. ஓர் அரண்மனை வாசலில் பஸ் நின்றது. எல்லோரும் அரண்மனையைப் படம் எடுத்தார்கள். இவள் மட்டும், அந்தக் காவல்காரனின் காலரை உள்பக்கம் திருப்பிப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். அவன் கையில் துப்பாக்கி இருந்ததால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இங்கே இன்னொரு கோட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு முன் அறை. தெருப் பக்கம் பெரிய ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம். சுவரெல்லாம் என் புத்தகங்கள். நடுவே நான் அட்டையில் கட்ட ஆரம்பித்த கோட்டை, கூரை இல்லாமல் பல காலமாக நிற்கிறது. மனைவி சமையலறையை ஒட்டிய நடையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தைக்கிறாள். அந்த முன் அறையைத் தையல் கடைக்குக் கேட்டு அவள் படையெடுக்காத வருஷம் இல்லை. நானும் கொடுத்ததில்லை. வீட்டின் மற்ற எல்லாப் பிரதேசங்களிலும் சரணடைந்தவன், அந்த ஓர் அறையில் மட்டும் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் பஸ் ஒரு சின்ன ஊரில் காபிக்காக நின்றது. தலை நிமிர்ந்தால் மலைமேல் ஒரு கோட்டை. தலை குனிந்தால் ஆற்றோரத்தில் இன்னொரு கோட்டை. என் ராசி, அன்றைக்குப் பார்த்து இரண்டுக்கும் விடுமுறை. மறுநாள் பயணத்தின் கடைசி நாள். அவரவர் இஷ்டப்படி சுற்றலாம் என்று விட்டிருந்தார்கள். நாளைக்கு இங்கேயே வரலாம் என்று மனைவியிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் போட்டிருந்தது, இந்தப் பயணத்துக்காக அவளே தைத்துக் கொடுத்த கம்பளிக் கோட். அவள் தைத்த முதல் கோட். அதை இந்தக் காபிக் கடையில் விட்டுவிட்டுப் போனால்? எடுக்க நாளைக்கு வந்துதானே ஆகவேண்டும்? கோட்டை விட்டு, கோட்டையைப் பிடிப்பது. சரித்திரத்தில் எந்தத் தளபதிக்கும் தோன்றாத வியூகம். கோட்டைக் கழற்றினேன். தூசு தட்டினேன். தோள் மடிப்பை நீவிவிட்டு, கதவோரக் கொக்கியில் அழகாக மாட்டினேன். காபியைக் குடித்துவிட்டு முதல் ஆளாகப் போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டேன். மனைவி தன் பெரிய தோள்பையோடு கடைசி ஆளாக ஏறினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். எதிரே, எங்கள் குழுவில் வந்திருந்த பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

"கோட்டை விட்டுட்டேன்" என்றேன்.

"அது தெனமும் நடக்கறதுதானே" என்றாள் மனைவி. "இன்னைக்கு எதை?"

"கோட்டை."

"அதான், எதைக் கோட்டை விட்டீங்க?"

"கோட்டைத்தான் கோட்டை விட்டேன்."

"அந்த ரெண்டு கோட்டையையா? அது எங்க போகப்போவுது, கல்லுதானே."

"அந்தக் கோட்டை இல்ல. நீ தைச்ச கோட்டை. காபிக் கடையில."

டாக்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குரல் கம்மிப்போய்ப் பேசினாள்.

"மொதல் மொதலா தைச்ச கோட். என்னைக்காவது கடைன்னு ஒண்ணு வச்சா, வாசல்ல கண்ணாடிக்குள்ள மாட்டி வைக்கணும்னு நெனச்சிருந்தேன்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதோடு தைரியமும் வந்துவிட்டது, ஏனென்றால் கோட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்திரமாக இருக்கும் பொருளுக்கு எவ்வளவு பெரிய ஜாமீன் வேண்டுமானாலும் கொடுக்கலாம் இல்லையா?

"நாளைக்குக் காலைல மொத வேலையா அங்க போறோம். கதவோரக் கொக்கியிலதான் மாட்டினேன். அங்கயே இருக்கும்."

"இல்லேன்னா?"

"அந்தக் கொக்கியில கோட் இல்லேன்னா, நம்ம முன் ரூமை உனக்கே குடுத்துடறேன். போதுமா?"

"நெஜமாவா?"

"வாத்தியார் வார்த்தை."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கேட்டீங்கல்ல டாக்டர்?" டாக்டர் வாய் நிறைய ரொட்டியோடு தலையை ஆட்டினார். ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர், எனக்காக ஒரு வார்த்தை பேச வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் நான் பாட்டு முணுமுணுத்தேன். மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மாடுகளைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

காபிக் கடைக் கதவைத் தள்ளித் திறந்தேன். கொக்கியில் ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கொக்கி காலி. அதற்கடுத்ததும் காலி. கடைக்காரம்மாவுக்கு என் மொழி தெரியாது. கையை விட்டு, தோளைக் குலுக்கி, பித்தான் போட்டு, ஒரு கோட்டையே நடித்துக் காட்டினேன். அந்த அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, என் மனைவியைப் பார்த்து, ரொம்ப நாள் பழகியவள்போலச் சிரித்தாள். பெண்ணுக்குப் பெண் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் முன் அறை கண் முன்னால் இடிந்து விழுந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். போனது போகட்டும், வந்ததும் வந்தோம், அந்தக் கோட்டைகளையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். இவ்வளவு நல்ல மனசா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் ஆற்றோரக் கோட்டை. வாசல் கல்லில் கை வைத்ததும் சோகம் பாதி பறந்துவிட்டது. கரும்பலகையில் நான் போட்ட கோடெல்லாம் கல்லாகி நிற்பதுபோல இருந்தது. அம்பு விடும் துவாரம் வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் ஏன் இருக்கிறது என்று விளக்கினேன். அவள் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டாள். ஒரு பலகையில் அந்தக் கோட்டை விழுந்த கதை எழுதியிருந்தது. அதைப் படித்து அவளுக்குச் சொன்னேன். எதிரி முற்றுகை போட்டிருந்தபோது, கோட்டைத் தலைவன் அவனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு ரகசியப் பின்வாசலைத் தானே திறந்திருக்கிறான். வாசலுக்கு அந்தப் பக்கம் எதிரி ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"அந்த ஆளும் வாத்தியாரா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பிறகு மலைக் கோட்டை. சுழல் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி உச்சிக்குப் போனோம். கீழே ஆறு, கூரைகள், நாங்கள் வந்த ரயில் பாதை. எல்லாவற்றின் மேலும் வெயில் விழுந்திருந்தது. பின் பெஞ்சுக்காரி இனி எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இருமல் வராது. நான் ஆனந்தமாகக் கைகளை விரித்தேன். அந்த நேரம் பார்த்துக் குளிர்காற்று ஒன்று அடித்தது. என் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன.

மனைவி தோள்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து என் கோட்டை எடுத்து, ஓர் உதறு உதறி, நீட்டினாள்.

"போட்டுக்கோங்க. சளி பிடிக்கும்."

நான் கோட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எப்படி உங்கிட்ட?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கழட்டின சட்டையை நாற்காலி மேல வீசற மனுஷன், நேத்திக்கு மட்டும் கோட்டைத் தூசு தட்டி, மடிப்பு நீவி, கொக்கியில மாட்டினா எனக்குச் சந்தேகம் வராதா? அந்தம்மாகிட்ட சைகையில சொல்லிட்டு, எடுத்துப் பையில வச்சுக்கிட்டேன்."

"அப்போ கோட் கெடைச்சாச்சு. முன் ரூம் எனக்குத்தான்."

"கெடைக்கலேன்னா குடுக்கறேன்னா சொன்னீங்க? அந்தக் கொக்கியில இல்லேன்னா குடுக்கறேன்னுதான் சொன்னீங்க. கொக்கியில இருந்துச்சா?"

இல்லை. குடைதான் இருந்தது. சாட்சிக்கு டாக்டர் வேறு இருக்கிறார்.

"கோட்டைக்குப் போலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வந்திருப்பேனே" என்று காலரைச் சரிசெய்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "கடைசி நாள் உங்களுக்குன்னு நான்தான் ஒதுக்கி வச்சிருந்தேன்."

கேட்டிருந்தால் ஒரு செலவும் இல்லாமல் கிடைத்திருக்கும். ஓர் அறையைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். வரவில்லை. மலை உச்சியின் அந்த வெளிச்சத்தில் அவள் குனிந்து என் கோட்டின் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சம் அவள் மெஷின்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருக்கும். தோற்றுப் போனதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தயவுசெய்து இதை அவள் காதில் போட்டுவிடாதீர்கள்.

மறுநாள் விமான நிலையத்தில் பல் டாக்டரைப் பார்த்தோம். என் மேல் கோட்டைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. கடைசி நாளில் மொத்தம் எத்தனை கோட்டை பார்த்தீர்கள் என்று விசாரித்தார். இரண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"பாத்தது ரெண்டு டாக்டர்" என்றாள் மனைவி. "பிடிச்சது ஒண்ணு."