கட்டைவிரல் கருணாமூர்த்தி

கொடையாளிகளில் மூன்று வகை உண்டு. கேட்டால் கொடுப்பவர், கேட்காமலே கொடுப்பவர், கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் கொடுப்பவர். இந்த மூன்றாம் வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர் கட்டைவிரல் கருணாமூர்த்தி. இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கை விளங்கவில்லை என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும், வாசலில் செருப்புக் கழற்றும் ஓசை கேட்கும்.

அங்க அடையாளங்கள்? முடியாதவரைப் பற்றிய கேள்வியை முடியாதவரிடம் கேட்க மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். குரலைச் சற்று உயர்த்திப் பேசுவார், ஏனென்றால் கையில் கோளாறு என்றால் காதும் மந்தமாகத்தான் இருக்கும் என்பது அவர் கண்ட வைத்தியம். மூச்சுக்கு ஒரு 'பாவம்' உண்டு. நடுநடுவே கண் கலங்கும். தன் இரக்கத்தைக் கண்டு தானே உருகும் கண்ணீர் அது!

இவருடைய மனைவியின் தங்கைக்கு மூட்டுநோய். வலக்கை விரல்கள் உள்ளே மடிந்தே கிடக்கும். இடக்கையில் சொன்ன பேச்சைக் கேட்பது நடுவிரல் ஒன்றுதான். இரண்டு வருஷம் வேலையின்றி வீட்டில் கிடந்தவளுக்கு, ஒரு கண் மருத்துவமனை கதவைத் திறந்தது. நோயாளிகளை வீட்டிலிருந்தே போனில் அழைத்து நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையின் செயலிக்குள் நுழைந்துவிட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. அதற்கு ஒரு போன் வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவிலேயே விட்டிருப்பாரா கருணாமூர்த்தி?

ஞாயிறு மாலை, கடை.

"அத்தான், அந்தச் சின்னதை எடுக்கச் சொல்லுங்க. மேசையில வச்சுப் பாக்கணும்."

"சின்னதா? உனக்குப் பெருசுதாம்மா வேணும். எழுத்துப் பெருசாத் தெரியும்."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது அத்தான். கைதான்..."

"நீ சும்மா இரு. பாவம், ரொம்ப நொந்து போயிருக்கா." இது கடைக்காரரிடம்.

பிறகு பரிசோதனை தொடங்கியது. செங்கல் கனத்தில் ஒரு கண்ணாடிப் போனை எடுத்தார், தூக்கிப் பார்த்தார், தடவினார், சட்டைப்பையில் போட்டுக் குலுங்கி நடந்தார், தன் முகத்தை நான்கு கோணங்களில் படம் பிடித்தார், "என்ன லேசு! கைக்கு என்ன அடக்கம்!" என்று தழுதழுத்தார். எந்தக் கைக்கு? அடுத்தவருக்குச் செருப்பு வாங்கப் போய்த் தன் காலில் போட்டு அளவு பார்ப்பவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

கைரேகை பதிய வேண்டிய கட்டம் வந்தது. அவளுடைய நடுவிரலை அந்தக் கண்ணாடி மூன்று முறை ஏற்க மறுத்தது.

"பரவாயில்ல அத்தான், நம்பர் போட்டுத் திறந்துக்கறேன்."

"உனக்கெதுக்கும்மா அந்தச் சிரமம்? நான் எதுக்கு இருக்கேன்?"

ரகசிய எண்ணையும் அவரே போட்டார். கைரேகை கேட்ட இடத்தில், தியாகச் சுடர் முகத்தில் ஒளிர, தன் கட்டைவிரலை அழுத்தினார்.

திங்கள் காலை எட்டரை மணி. போன் கட்டைவிரல் கேட்டது. அவள் தாயாரின் பழைய பட்டன் போனில் அழைத்தாள்.

"நம்பர் என்ன அத்தான்?"

"நம்பரா... எங்க கல்யாண நாள் போட்டேன்னு நினைக்கிறேன்."

"போட்டாச்சு. தப்புங்குது."

"அப்ப வண்டி நம்பரா இருக்கும்... பதறாதம்மா! பதினொரு மணிக்கு நானே வந்து விரல் வச்சிட்டுப் போறேன்."

பதினொரு மணிக்கு! அவள் அழவில்லை. அழுதால் துடைக்க நேரமில்லை. தாயாரை அழைத்துக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்கு நடந்தாள். கடைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்து, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"எந்த விரல்மா வேலை செய்யும்?"

நான்கே நிமிஷம். ஓரம் கீறிய ஒரு பழைய சின்னப் போன். மேசையில் வழுக்காமலிருக்க முதுகில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை ஒட்டினாள். பேர் சொன்னால் தானே அழைக்கும்படி செய்தாள். சிம்மை மாற்றிச் செயலியையும் ஏற்றிக் கொடுத்தாள். எட்டு ஐம்பத்தேழுக்கு நடுவிரல் ஒரு தட்டுத் தட்ட, செயலி திறந்தது.

பதினொரு மணிக்குக் கருணாமூர்த்தி கட்டைவிரலை நீட்டியபடியே உள்ளே நுழைந்தார். அவள் யாரோ ஒரு பெரியவருக்கு, "வியாழக்கிழமை பத்தரைக்கு வந்துடுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடிப் போனில் விரல் வைத்தார்.

"பாத்தியா! எவ்வளவு வேகமாத் திறக்குது!"

"நீங்களே வச்சுக்குங்க அத்தான். உங்க கைக்குத்தான் அடக்கமா இருக்கு."

அன்றிலிருந்து தெருவெல்லாம் அவர் சொல்லி வருகிறார்: "நல்ல போன் வாங்கிக் கொடுத்தேன். பாவம், அவளுக்குக் கொடுப்பினை இல்ல."

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுடைய விரல்களைப் பற்றிப் படித்தபோது, 'அடடா, நான் கூடப் போயிருந்தால் இன்ன போனை வாங்கித் தந்திருப்பேனே' என்று உங்கள் மனம் ஒரு போனைத் தேர்ந்தெடுத்துவிட்டதா? தேர்ந்தெடுத்துவிட்டது என்றால், தயவுசெய்து உங்கள் கட்டைவிரலைச் சற்று நேரம் சட்டைப்பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.