பதிலபுரியில் எல்லாம் இருநூறு

மனுப் போட்டவர் ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்பாத நாடு உலகிலேயே பதிலபுரி ஒன்றுதான். நிலாவைக் கேட்டவனுக்கும் "நடந்தது" என்று ஓலை போனது. மறுநாள் அமாவாசை, அவன்கூடக் குறை சொல்லவில்லை. நாடே நம்பியது. நம்பாதவள் ஒருத்திதான், கடைமடையில் நெல் போட்டிருந்த வேலாத்தாள்.

முன்பெல்லாம் அங்கே ஒழுங்கான ஒரு வழக்கம் இருந்தது. மனுச் சாளரத்தில் ஓலையை நீட்டினால் ஓர் எண் கிடைக்கும். இருநூறு என்றால் நடந்தது. முந்நூற்றொன்று என்றால் அலுவலகம் இடம் மாறிவிட்டது, அங்கே போ. நானூற்று நான்கு என்றால் நீ கேட்டது இங்கே இல்லை. நானூறுகள் வந்தால் கோளாறு கேட்டவர் பக்கம். ஐந்நூறுகள் வந்தால் அரண்மனைப் பக்கம். ஐந்நூறு விழுந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் கொல்லன் சம்மட்டியோடு ஓடியாக வேண்டும்.

வேலாத்தாள் ஏரி மதகைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டாள். பயிர் பத்து நாள்தான் தாங்கும். மதகுத் திருகோ துருவேறி இறுகிக் கிடந்தது. ஐந்நூறு விழுந்தது. அமைச்சர் புகழ்மாறன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அரண்மனையிடம் பிழையா? இக்கணமே ஐந்நூறு ஒழிக்கப்படுகிறது. இனிப் பிழைகள் யாவும் குடிகளுக்கே உரியவை!"

கொல்லன் படுத்துக்கொண்டான். வேலாத்தாளுக்கு நானூறு வந்தது: மனுவே சரியில்லையாம். மூன்று முறை திருத்தி எழுதினாள். மூன்று முறையும் நானூறு. நாடு முழுக்க இதே கதை. சாளரத்தருகே குவிந்த நானூறுகளுக்குள் பட்டத்து யானையே தொலைந்துபோனது. அயல்நாட்டுத் தூதர் விழுந்து விழுந்து சிரித்தார். அமைச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி எல்லோருக்கும் இருநூறே!"

பயிர் காய்ந்து மஞ்சளாகத் தொடங்கியது. வேலாத்தாள் சாளரத்துக்கு ஓடினாள்.

"ஏனுங்க, இருநூறுன்னு குடுத்தீங்க. சொட்டுத் தண்ணி வரலீங்களே?"

"இருநூறு வந்துடுச்சில்ல? அப்புறம் தண்ணி எதுக்கும்மா?" என்றார் எழுத்தர் தூங்காநம்பி.

"ஐந்நூறுன்னாக் கொல்லனாச்சும் வருவான். நானூத்தி நாலுன்னா நான் வேற பொழப்பப் பாப்பேன். இத வெச்சு என்ன பண்றது, பயிருக்கு விசிறி விடறதுங்களா?"

"குறை இருந்தா மனுப் போடு."

போட்டாள். இருநூறு வந்தது.

அந்த வாரம் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது. "திருகு அசையவில்லை, கரை பிளக்கிறது" என்று மதகுக் காவலன் மூன்று ஓலை அனுப்பினான்; மூன்று இருநூறுகள் பெற்றான். வேலாத்தாள் முதல் மனுப் போட்ட ஒன்பதாம் நாள் கரை உடைந்தது. தண்ணீர் அரண்மனையின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலையும் சேர்த்துக் கொண்டுபோனது. கொடிமரத்தைக் கட்டிக்கொண்டு அரசர் படகு கேட்டார். அவருக்கும் இருநூறு போயிற்று.

மனுப்பெட்டியின் மேல் மிதந்து வந்த அமைச்சர், கடைமடை வயலில் தரைதட்டினார். சேற்றைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பெண்ணே! நீ வேண்டியது தண்ணீர். வந்ததா, இல்லையா?"

வேலாத்தாள் முழங்கால் தண்ணீரில் தலைதூக்கி நின்ற பயிரைப் பார்த்தாள். அரண்மனை இருந்த திசையைப் பார்த்தாள். அங்கே ஒரு கொடிமரமும் ஓர் அரசரும் மட்டும் மிச்சம்.

"பொய் சொல்லப்படாதுங்க," என்றாள். "நடந்துதானுங்க போச்சு."