மேர்வின் அண்ணையின் அபார ஞாபகசக்தி

லண்டனில் நரி உண்டு, அணில் உண்டு, பழைய ஸ்கோர் ஒப்பிக்கும் மனிதர் உண்டு. முதல் இரண்டும் ஆளைக் கண்டால் ஓடிவிடும். மூன்றாவது உங்களைக் கண்டால் கிட்ட வரும்.

டூட்டிங்கில் இந்த இனத்துக்கு அசல் மாதிரி வேண்டுமென்றால் மேர்வின் அண்ணையைப் பாருங்கள். அவருடைய கால்பந்துக் கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள். அவர் காலால் பந்தைத் தொட்டு யாரும் கண்டதில்லை. மைதானத்துக்குள் போனதும் இல்லை, டிக்கெட் விலையை விசாரித்ததோடு சரி. ஆனால் எப்போதும் 'நாங்கள்'தான். நாங்கள் அடித்தோம், நாங்கள் கோட்டைவிட்டோம், அந்தக் கோல்கீப்பரை நாங்கள் வாங்கியிருக்கவே கூடாது. பக்கத்து வீட்டு நித்தியானந்தன், மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று லட்டுப் பெட்டியை நீட்டினால், அந்த மகள் பிறந்த ஆண்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அந்த சீசன் எங்களுக்குப் படு மோசம்" என்று செத்தவீட்டுக் குரலில் தொடங்கி, பனியால் தள்ளிப்போன ஆட்டம், நடுவர் கொடுக்காத பெனால்டி, கடைசி நிமிடத்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, இரண்டாவது லட்டையும் வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். பிறந்தது ஆணா, பெண்ணா? அதை யார் கேட்டார்கள்?

இப்படிப்பட்டவரைத்தான் பெர்னடெற், தன் கணவர் யாக்கோப்பின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு நாலு வார்த்தை பேசச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வாரம் முழுக்க டெலிவரி வான் ஓட்டிய யாக்கோப்பு, பதினைந்து வருடமாகச் சனிக்கிழமைகளை மேர்வின் அண்ணையின் சோபாவில்தான் கழித்தார். திடீரென்று மாரடைப்பில் போனார். போன பிறகுதான் டொக்டர் சொன்னார், இருதயம் பழுது என்பது யாக்கோப்புக்கு முன்பே தெரியுமாம். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தனை பாரத்தையும் மனிதர் தனியாகவா சுமந்தார் என்பதுதான் அவளை அரித்தது.

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் மேர்வின் அண்ணை எழுந்து நின்றார். "யாக்கோப்பு நல்ல மனுசன்" என்றார். அதற்கு மேல் சரக்கில்லை. யாக்கோப்புக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், ஊர் மன்னாரா, யாழ்ப்பாணமா? தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வெட்கப்பட்டு உட்கார்ந்தாரா? இல்லை. தெரிந்ததைப் பேசினார். நாங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய வருடம், திரும்பி ஏறிய வருடம், கிண்ணப் போட்டியில் பெயர் தெரியாத ஊரிடம் மூன்றுக்குப் பூச்சியம் வாங்கிக் கட்டிய வருடம். "யாக்கோப்பும் பக்கத்திலதான் இருந்தவன்" என்று இடையிடையே செருகிக்கொண்டார். தேநீர் ஆறியது. இறந்தவரின் மகள் ஷெறோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு முடிந்ததும் பெர்னடெற் அவரிடம் வந்தாள்.

"மேர்வின் அண்ணை, சனிக்கிழமையில உங்களோடதானே இருந்தவர். தனக்கு ஏலாமல் கிடக்கெண்டு உங்களிட்டையாவது சொன்னவரோ?"

உடனே அந்த அபார ஞாபகசக்தி வேலை செய்தது. மார்ச் மாதம். சொந்த மைதானம். ஒன்றுக்கு ஒன்று. "அண்ணை, டொக்டர் ஒரு விசயம் சொன்னவர்..." என்று யாக்கோப்பு தொடங்கினார். "கொஞ்சம் பொறடாப்பா, கோர்னர்" என்று இவர் கையை உயர்த்தினார். கோர்னரிலிருந்து கோல் விழுந்தது. இவர் துள்ளிக் குதித்தார். யாக்கோப்பு உட்கார்ந்தபடியே கைதட்டினார். இரண்டுக்கு ஒன்று. அந்தப் பேச்சை யாக்கோப்பு பிறகு எடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

"சொன்னவரோ, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. மட்ச் பாக்கிற நேரம் நாங்கள் பெரிசாக் கதைக்கிறேல்லை."

"அப்ப ஒருத்தருக்கும் சொல்லாமல்தான் போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பைகளை அடுக்கப் போனாள்.

சொல்ல வாயெடுத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பெண் கொஞ்சமாவது ஆறியிருப்பாள். அதைச் சொன்னால் கையை உயர்த்திய கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு மனிதருக்குத் துணிவில்லை. சிற்றுண்டித் தட்டிலிருந்து இரண்டு ரோல்ஸை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று ஆட்டம் இருந்தது.

சீ, என்ன மனிதர் என்கிறீர்களா? நீங்கள் கால்பந்து பார்ப்பதில்லை, சந்தோஷம். கிரிக்கெட்? சீரியல்? போன்? எதுவுமே இல்லை, நல்ல வாசகர் என்றே வைத்துக்கொள்வோம். இதை வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருப்பவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். தலையை நிமிர்த்தாமல் 'ம்' என்றீர்கள். என்ன சொன்னார்?