நிறையேற்றல் உபகுழு

மனிதனுடைய புத்தி தலையில் இருக்கிறது என்று வைத்தியர்கள் நெடுங்காலமாக உலகத்தை ஏமாற்றி வந்தார்கள். அது வயிற்றில்தான் இருக்கிறது என்பதை 1996ஆம் ஆண்டு, ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில், ஒரு பேஸ்மென்றில் கூடிய தமிழர் நல்லுறவு ஒன்றியம் ஏகமனதாகத் தீர்மானித்தது. எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை. வழக்கமாகத் தூக்குகிறவருக்கு அந்தக் கை பாரிசவாதத்தில் விழுந்திருந்தது.

அவர்தான் ஒன்றியத்தின் தலைவர் யேசுரட்ணம். நோய் வருமுன் எந்தப் பிரேரணை வந்தாலும் "ஏன்?" என்று கேட்பார். "அண்ணைக்குக் கொழுப்பு" என்பது உறுப்பினர்களின் நோய்நிர்ணயம். ஆஸ்பத்திரி டொக்டரும் அதையேதான் கண்டுபிடித்தார். ஆனால் அவர் அதை இரத்தத்தில் கண்டார். நிறையைக் குறைக்காவிட்டால் இன்னொரு முறை அடிக்கும், அது சொல்லிவிட்டு வராது என்றார்.

யேசுரட்ணத்துக்கு அது நன்றாக விளங்கியது. எல்லாமே விளங்கியது. ஆனால் சொற்கள் மாலை நேரத்து 401 நெடுஞ்சாலை வாகனங்களைப் போல உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றன. வெளியே வந்தது ஒரே ஒரு வண்டி: "ஓம்."

முதலில் பார்க்க வந்தவர்கள் செயலாளர் வாகீசனும் தவமணி அன்ரியும். அன்ரியின் கையில் ஒரு பானை ஆட்டெலும்புச் சூப்.

"ஐயோ அண்ணை, மெலிஞ்சு போனியள்!" என்றார் அன்ரி, செத்தவீட்டுக் குரலில்.

"டொக்டர்தான் குறைக்கச் சொன்னவர்" என்றார் யேசுரட்ணத்தின் மனைவி பேர்ணடெற்.

"அக்கா, மூளை எதாலை செய்தது? கொழுப்பாலை. உடம்பிலை கொழுப்பு குறைஞ்சால் முதலிலை கரையிறது எது? சும்மாவே சொன்னவை, நிறைகுடம் தளம்பாது எண்டு?" என்று வாகீசன் குறுக்கிட்டார்.

"அது தண்ணிக் குடம், தம்பி."

"தண்ணியெண்டு பழமொழியிலை எங்கை கிடக்கு?"

வாகீசன் நோயாளியின் அறிவைப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

"அண்ணை, கனடாவின்ரை தலைநகர் ஒட்டாவாதானே?"

"ஓம்."

"ரொறன்ரோவிலை உருப்படியான ஒன்றியம் எங்கடைதானே?"

"ஓம்."

"பாத்தியளே, மூளை அந்தமாதிரி வேலை செய்யுது!"

"என்ரை சூப் நல்லாயிருக்கோ அண்ணை?" என்று அன்ரி கேட்டார்.

"ஓம்."

கணவனுக்கு வந்திருப்பது எவ்வளவு பாரதூரமான நோய் என்பது பேர்ணடெற்றுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அன்றே "நிறையேற்றல் உபகுழு" உதயமானது. ஒருவர் கொத்துரொட்டி கொண்டுவந்தார், இன்னொருவர் நெய்யில் பொரித்த ஏதோவொன்றைக் கொண்டுவந்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டே, அண்ணை?" என்று மரியாதையோடு கேட்டுத்தான் வைத்தார்கள். அவரும் மரியாதையோடு "ஓம்" என்றார். கோப்பையைத் தள்ளினால் "பாருங்கோ, கையும் அசையுது!" என்று மகிழ்ந்து, அந்தச் சந்தோஷத்துக்காக இன்னொரு கரண்டி வைத்தார்கள். கூட்டம் தொடங்குமுன் தலைவரைத் தராசில் ஏற்றி, நிறையை வாசித்துக் கைதட்டினார்கள். ஒன்றியத்துக்கு அது பொற்காலம். பிரேரணைகள் எல்லாம் நிறைவேறின. தலைவர் நிறை ஏற ஏற, மேலும் மேலும் அறிவாளியாகிக்கொண்டு போனார்.

விருந்தினர் போனபின் பேர்ணடெற் கணவனின் நாடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாடம் எடுப்பார்.

"சொல்லுங்கோப்பா. போ... தும்."

"ஓம்."

"ஓம் இல்லை. அந்த ஓம்தான் உங்களைக் கொல்லப்போகுது. போ..."

அவர் உதட்டைக் குவிப்பார். கண் கலங்கும். வண்டி நகராது.

தலைவரின் "பூரண குணத்தை"க் கொண்டாட ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மண்டபத்தின் நாலு படி ஏறவே யேசுரட்ணத்துக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு இறுகியது. போர்த்திய பொன்னாடை ஒரு சுற்றுக்கு எட்டவில்லை. "இதுவல்லவோ முன்னேற்றம்!" என்று வாகீசன் ஒலிவாங்கியில் முழங்கி, கொழுத்த ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒன்றைத் தலைவரின் வாயருகே நீட்டினார்.

"இன்னும் ஒண்டு, அண்ணை?"

முன்வரிசையில் பேர்ணடெற்றின் உதடுகள் குவிந்தன. யேசுரட்ணம் அவற்றையே பார்த்தார்.

"போ..."

"என்ன! செயலாளரைப் பாத்துப் போ எண்டுறாரோ?" என்று சபையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"...தும்" என்றார் யேசுரட்ணம். பிறகு, மண்டபம் முழுக்கக் கேட்க, "போதும்!"

பேர்ணடெற் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஐயோ, நல்லாயிருந்த மனுசன்!" என்று தவமணி அன்ரியும் அழுதார்.

வாகீசன் ஒலிவாங்கியைத் துடைத்துக்கொண்டு துயரத்தோடு அறிவித்தார்: "சபையோரே, அண்ணையின்ரை மூளை திரும்பவும் பழுதாப்போச்சு. சுகம் வரும்வரைக்கும் அவரைப் பதவியிலையிருந்து ஆறவிடுவம். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"ஓம்!" என்றது சபை, ஒரே குரலில்.

யேசுரட்ணம் மட்டும் சொல்லவில்லை. சொன்னவர்களில் ஒருவருக்காவது பாரிசவாதம் வந்ததாக எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவு இல்லை.